கொல்கத்தாவில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை இரவு கொல்கத்தா போய்ச் சேருகிறீர்கள். ஞாயிறு நள்ளிரவை ஒட்டி ஹவுராவில் சென்னை மெயில் ஏறுகிறீர்கள். கூட வருவது 66 வயது அம்மா. மூட்டுவலி உண்டு, சைவம். இணையத்தில் திரட்டிய 31 இடங்களின் பட்டியலைப் போட்டு, இதில் எத்தனை முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "எதை விட்டால் ஊருக்கு வந்தபிறகு வருத்தமாக இருக்காது?" என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வங்கி வேலையில் 17 வருடம் கொல்கத்தாவில் இருந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு நாள்தான் இருக்கு, எல்லாத்தையும் காட்டிடு." அப்படிக் காட்டிக் காட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். ஊர் திரும்பிச் சில வருடம் ஆகிவிட்டதால் கட்டணம், டாக்சி வாடகை பற்றிப் பேச மாட்டேன். திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் தோராயம்தான். கோயில்களில் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு எந்த வேளை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஊரில் இடத்தைவிட வேளைதான் முக்கியம். இதை நான் கற்றது என் பெரியப்பாவிடம் திட்டு வாங்கி. ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்துக்கு அவரை ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி 12. கோயில் மூடிவிட்டார்கள், இனி மூன்றரைக்கு மேல்தான். பக்கத்து டீக்கடை பெஞ்சில் மூன்றரை மணி நேரம். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் ஆரம்பித்தார். தப்பு முழுக்க என்னுடையது. அதற்கப்புறம் யார் வந்தாலும் முதலில் கேட்பது, "என்ன கிழமை வர்றீங்க?" என்றுதான். திங்கட்கிழமை இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகத்தின் உள்பகுதி, தாகூர் பிறந்த வீடு மூன்றுமே மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் தெருவில் பெரும்பாலான புத்தகக் கடைகள் திறப்பதில்லை. சனியும் செவ்வாயும் காளிகாட் காளி கோயிலில் நெரிசல். மதர் தெரசாவின் சமாதி இருக்கும் இல்லத்துக்கு வியாழன் விடுமுறை. உங்களுக்கு வாய்த்திருப்பது சனியும் ஞாயிறும். மோசமில்லை, வரிசையை மட்டும் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று சூரியன். இந்தியா முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் கொல்கத்தா நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்கால் வரை வெயில் இருக்குமே, அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஊரில் பழகிய கணக்கில் "சாயங்காலம் ஒரு இடம்" என்று மிச்சம் வைத்தால் இருட்டில்தான் போய் நிற்பீர்கள். காலை ஆறே கால் வாக்கில் விடிந்துவிடும். அதனால் இரண்டு நாளும் விடியலில் கிளம்புங்கள், மதியம் அறைக்கு வந்து அம்மா படுத்து எழுந்திருக்கட்டும், அப்புறம் இரண்டு மணிக்கு மேல் ஒரு சின்னச் சுற்று. தங்கும் இடம் முடிவாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரயில் ஏற வசதி என்று ஹவுரா ஸ்டேஷன் பக்கம் எடுக்காதீர்கள். எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட், ரவீந்திர சதன் இந்த மூன்று மெட்ரோ நிலையங்களில் ஒன்றுக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். மதியம் அறைக்குத் திரும்புவது அப்போதுதான் நடக்கிற காரியம். ஸ்வெட்டர் கட்டாயம். அந்தக் குளிருக்கே வங்காளிகள் கண் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வாக்கிங் போவார்கள். முதல் வருடம் நான் சிரித்தேன், மூன்றாம் வருடம் நானும் ஒன்று வாங்கினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். ஹவுரா பாலத்தின் கொல்கத்தாக் கரைப் பக்கம், பாலத்துக்குக் கீழேயே இருக்கிறது. செண்டுமல்லி மாலைகளைச் சுருள் சுருளாகக் கட்டி, ஆள் உயரத்துக்குத் தலையில் சுமந்துகொண்டு ஓடுவார்கள். முகம் தெரியாது, ஆரஞ்சு மலை ஒன்று கால் முளைத்து வருகிற மாதிரி இருக்கும். காளிக்கென்று செம்பருத்தி மொட்டு தனியாகக் குவிந்து கிடக்கும். தரை சேறு, தள்ளுமுள்ளு உண்டு. அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பாலத்தின் நடைபாதையில் கைப்பிடி ஓரமாக நின்றால் சந்தை முழுக்க மேலிருந்தே தெரியும். நான் பார்த்தவரையில் வயதானவர்களுக்கு அந்தக் காட்சிதான் பிடிக்கிறது, சந்தைக்குள் நின்றால் பின்னாலிருந்து வரும் சுமைக்குப் பயந்தே பாதி நேரம் போய்விடும். எட்டு மணிக்கு மேல் போனால் பூ இருக்கும், வேகம் இருக்காது.

அந்தப் பாலத்திலேயே பத்து நிமிடம் நில்லுங்கள். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. கரைக்கு ஒன்றாக இரண்டு கோபுரம், நடுவில் 457 மீட்டர் அந்தரத்தில். சுமார் 26,500 டன் எஃகு, அதில் பெரும்பகுதி டாடாவின் ஆலையில் வார்த்தது; நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே கோத்திருக்கிறார்கள். 1943 பிப்ரவரியில் திறந்தபோது ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் விழாவே வைக்கவில்லை. முதலில் கடந்து போனது ஒரு டிராம் வண்டி. 1965இல் ரவீந்திர சேது என்று தாகூர் பெயரை வைத்தார்கள். அரசாங்கக் காகிதம் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. இத்தனை பெரிய பாலத்தை அரித்தது எது தெரியுமா, வெற்றிலை பாக்கு எச்சில். துப்பித் துப்பித் தூக்குக்கம்பிகளின் அடிப்பகுதியில் போட்ட காப்புத் தகடு பாதியாய்த் தேய்ந்துபோய், கடைசியில் ஃபைபர் உறை மாட்டினார்கள். நடக்கும்போது குனிந்து பாருங்கள்.

அப்புறம் டாக்சியில் பாலத்தைத் தாண்டி ஹவுரா படகுத்துறைக்குப் போய், ஷோபாபஜார், பாக்பஜார் பக்கம் போகிற படகு ஏறுங்கள். அங்கே ஃபெர்ரி என்று யாரும் சொல்வதில்லை, "லஞ்ச்" என்றுதான் சொல்வார்கள். டிக்கெட் அற்பம். ஆனால் அந்தச் சின்னப் பயணத்தில்தான் ஊரின் முகம் தெரியும், ஏனென்றால் கொல்கத்தா கட்டப்பட்டதே ஆற்றைப் பார்த்து. வரிசையாகப் படித்துறைகள், குளிக்கிறவர்கள், குஸ்தி பழகுகிறவர்கள், பாழடைந்த கிடங்குகள். அம்மாவுக்காக ஒரு எச்சரிக்கை: இது கடலின் ஏற்றவற்றம் எட்டுகிற ஆறு. தண்ணீர் ஏறியிருந்தால் மிதவைக்குப் போகும் பலகைப் பாலம் சமமாக இருக்கும். வற்றியிருந்தால் செங்குத்தாகச் சரிந்திருக்கும். சரிந்திருந்தால் வீம்பு வேண்டாம், டாக்சியிலேயே போய்விடுங்கள். இறங்கிய பிறகு சாலைக்கு வரும் வழியில் சர்க்குலர் ரயிலின் தண்டவாளத்தைக் கடக்க வேண்டியிருக்கும், இரு பக்கமும் பார்த்துக் கடங்கள்.

ஷோபாபஜாரில் இறங்கினால் பத்து நிமிட நடையில் குமார்துலி. சாமி சிலை செய்யும் குயவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெருக்கள். நவராத்திரி நேரத்தில் ஊரெல்லாம் நிற்கும் துர்க்கைகள் பிறக்கிற இடம். டிசம்பரில் போய் என்ன இருக்கப் போகிறது என்று உங்கள் பட்டியலில் கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். எனக்கு டிசம்பர்தான் பிடிக்கும். துர்க்கையும் காளியும் முடிந்திருக்கும், ஜனவரி கடைசி, பிப்ரவரியில் வரும் சரஸ்வதி பூஜைக்கு வேலை நடக்கும். கூட்டம் இருக்காது, நின்று பார்க்கலாம். முதலில் மூங்கில் சட்டம், அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு. தலை இருக்காது. அதற்குமேல் ஒட்டும் களிமண், அது காய்ந்து வெடித்த இடத்தில் ஆற்று வண்டலும் துணிக் கீற்றும் வைத்துப் பூசுவார்கள். தலையைத் தனியே அச்சில் எடுத்துக் கடைசியில் பொருத்துவார்கள். தலையில்லாத வைக்கோல் சரஸ்வதிகள் நாற்பது ஐம்பது பேர் வெயில் காய வரிசையாய் நிற்பதைப் பார்த்து என் அத்தை கொஞ்சம் பயந்தே போனார். அப்புறம் அங்கிருந்து கிளம்ப மறுத்தார். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

பசி வந்திருக்கும். அந்தப் பகுதியில் ஏதாவது ஒரு பழைய இனிப்புக் கடையில் காலையில் கொச்சூரி பொரிப்பார்கள். நம் பூரியைவிடச் சின்னது, உள்ளே பெருங்காயம் சேர்த்த உளுந்து, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குழம்பு. இனிப்புக் கடையில் சாப்பிடுவது சைவர்களுக்கு நிம்மதி. மற்ற இடத்தில் "நிராமிஷ்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சைவமா என்று அர்த்தம். கடுகெண்ணெய் வாசனை அம்மாவுக்குப் பிடிக்காமல் போகலாம். இட்லி இல்லாமல் முடியாது என்றால் லேக் மார்க்கெட்டுக்குப் போங்கள், தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கும் பகுதி அது, அங்கே நம் ஊர்ச் சாப்பாடும் ஃபில்டர் காபியும் கிடைக்கும்.

மதிய ஓய்வுக்குப் பிறகு இரண்டு மணிக்கு பி.பா.தீ. பாக். இந்தப் பெயர் 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்ட பினாய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்களின் முதலெழுத்து. முன்பு டல்ஹௌசி சதுக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஜ்யம் நடந்த இடமே இதுதான். சனி மதியம் அலுவலகக் கூட்டம் குறைந்திருக்கும் என்பதால் கட்டடங்களை நிமிர்ந்து பார்க்க முடியும்: சிவப்பு ரைட்டர்ஸ் கட்டடம், 1868இல் கட்டிய வெள்ளைக் குவிமாடத் தபால் அலுவலகம். அவற்றைக் காரிலிருந்தே பார்த்தாலும் போதும். இறங்க வேண்டியது செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில்.

1787இல் கட்டியது. உங்கள் பட்டியலில் இல்லை, பெரும்பாலான பட்டியல்களில் இருப்பதில்லை. அதன் தோட்டத்தில் எண்கோண வடிவத்தில் ஒரு சின்ன மண்டபம், ஜோப் சார்னாக் சமாதி. 1690 ஆகஸ்ட் 24 அன்று சுதாநுட்டி என்ற ஊரில் வந்து இறங்கிய கம்பெனிக்காரர். கல்கத்தாவை நிறுவியவர் அவர்தான் என்று நாம் பள்ளியில் படித்தோம். ஏற்கனவே மூன்று ஊர்கள் இருந்த இடத்தை ஒருவர் ஒரு நாளில் எப்படி நிறுவ முடியும் என்று வழக்குப் போட்டு, 2003இல் உயர்நீதிமன்றம் அவரை நிறுவனர் என்று சொல்லக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மண்டபத்துக்குள் கிடக்கும் கரிய கல்லறைப் பலகையைத் தொட்டுப் பாருங்கள். அது பல்லாவரத்துக் கல். சென்னை மலையிலிருந்து கப்பலில் போன கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்த வகைப் பாறைக்குப் பெயர் வைத்தபோது சார்னாக்கின் கல்லறையை நினைத்து "சார்னோக்கைட்" என்று வைத்தார். இன்றைக்கு உலகத்தில் எந்தக் கண்டத்தில் இந்தப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689இல் ஞானஸ்நானம் நடந்ததும் நம் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில். பல்லாவரத்தில் வளர்ந்த என் நண்பன் ஒருவன் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கல்லை இவன் தலைமேல போட்டிருக்காங்களா" என்று கேட்டான். அவன் அன்று பார்த்த வேறெதுவும் அவனுக்கு இப்போது நினைவில் இல்லை.

நான்கு மணிவாக்கில் காலேஜ் தெரு. ஞாயிறு வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் (1817இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கியது) மதில் நெடுக, எதிர்ப்புறம், சந்துக்குள் எல்லாம் புத்தகக் கடை. தகரப் பெட்டி மாதிரி ஒரு கடை, அதற்குள் ஒரு மனிதர், அவரைச் சுற்றி மருத்துவத்திலிருந்து மார்க்சியம் வரை. கேட்ட புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுப்பார். மாடியில் இருக்கும் காபி ஹவுஸ் புகழ்பெற்றது. காபிக்காக அங்கே யாரும் போவதில்லை, நாம் போனால் ஏமாற்றம்தான். பாலில்லாததற்கு "இன்ஃபியூஷன்" என்று பெயர். உயரமான கூடம், சத்தம், தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர்கள், அதற்காகப் போகலாம். படிக்கட்டு உண்டு, அம்மாவுக்கு முடியாது என்றால் விடுங்கள்.

அங்கிருந்து கிட்டத்தில் பௌபஜார் தெரு. அதில் 210 எண்ணில்தான் அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது, சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று தன் ஒளிச்சிதறல் முடிவுக்கு வந்த இடம். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தவர், பகலில் கணக்கு, காலையிலும் இரவிலும் ஆய்வுக்கூடம் என்று பத்து வருடம் ஓட்டி, 1917இல்தான் வேலையை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். டிராமில் போகும்போது கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பாதி வழியில் இறங்கிவிட்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. மற்றவை பதிவில் உள்ளவை. கழகம் பிறகு ஜாதவ்பூருக்குப் போய்விட்டது, பழைய இடத்தில் இப்போது ஒரு வணிகக் கல்லூரி. பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

ஞாயிறு, அம்மாவின் நாள். தட்சிணேஸ்வர் காளி கோயில் வரை மெட்ரோ 2021இலேயே வந்துவிட்டது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத்தான் கிளம்பும். அதை நம்பினால் அதற்கப்புறம் பேலூர் பார்ப்பது தவறிப்போகும். ஆறு மணிக்கு டாக்சி பிடித்துவிடுங்கள். செருப்பையும் கைபேசியையும் வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்; எங்கே சந்திப்பது என்று இருவரும் முன்பே பேசி வையுங்கள். ராணி ராஷ்மோணி என்ற ஜமீன்தாரிணி கட்டிய கோயில், 1855இல் குடமுழுக்கு. அவர் பிறந்த சாதியைக் காட்டி அந்தணர்கள் பூசைக்கு வர மறுத்தார்கள். கடைசியில் சம்மதித்து வந்தவர் ராம்குமார். அவர் கூட வந்த தம்பிதான் பிற்காலத்தில் ராமகிருஷ்ண பரமஹம்சர். ஒன்பது சிகரம் வைத்த காளி கோயிலில் வரிசை நீளமாக இருக்கும். ஆற்றோரம் வரிசையாக 12 சிவன் கோயில்கள். வடமேற்கு மூலையில் ராமகிருஷ்ணர் இருந்த அறை, கட்டில் அப்படியே இருக்கிறது. வரிசையில் கால் நோகும் என்றால் காளியைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு அந்த அறையில் அம்மாவைக் கொஞ்சம் உட்கார வையுங்கள்.

ஒன்பதரைக்குள் அங்கிருந்து படகில் பேலூர். தட்சிணேஸ்வர் துறையிலிருந்தே போகும். மடத்தின் பெரிய கோயில் 1938இல் திறக்கப்பட்டது. வாசல் புத்த சைத்தியம் மாதிரி இருக்கும், உள்ளே நீண்ட கூடம் தேவாலயம் மாதிரி, மேலே ராஜபுத்திர, வங்காள விமானங்கள். எல்லாச் சமயமும் ஒரு கட்டடத்தில் என்று விவேகானந்தர் மனதில் வரைந்தது, கட்டி முடிக்கும்போது அவர் போய் 36 வருடம். அவர் 1902 ஜூலை 4 அன்று உயிர் விட்ட அறையை வெளியிலிருந்து பார்க்கலாம். சிகாகோ போக அவருக்குச் சென்னையில் தெருத் தெருவாய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர் என்பதை அம்மாவிடம் அங்கே வைத்துச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார். பதினொன்றரை வாக்கில் மூடிவிடுவார்கள். பெரியப்பா கதையை மறக்காதீர்கள்.

காளிகாட்டை விடச் சொல்வேன். பழம்பெரும் சக்தி பீடம், மறுக்கவில்லை. ஆனால் பூசாரி என்று சொல்லிக்கொண்டு சூழ்ந்துகொள்ளும் இடைத்தரகர்களைச் சமாளிப்பது வெளியூர்க்காரர்களுக்குக் கஷ்டம். ஆட்டுப் பலியும் நடக்கிற கோயில், சிலருக்கு அதைப் பார்ப்பது தாங்காது. தட்சிணேஸ்வர் பார்த்த அம்மாவுக்குக் காளி தரிசனம் ஆயிற்று. அவரே கேட்டால் மட்டும் போங்கள். தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் அருமையானது, ஆனால் அரை நாளை விழுங்கும். மார்பிள் பேலஸுக்கு முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மிருகக்காட்சிசாலை, சயன்ஸ் சிட்டி, மால்கள் வேண்டாம். உங்கள் பட்டியலில் இத்தோடு பாதிக்கு மேல் அடித்தாயிற்று.

ஞாயிறு மதியத்துக்கு விக்டோரியா நினைவகமா அருங்காட்சியகமா என்று ஒன்றை எடுங்கள். விக்டோரியா நினைவகம் வைஸ்ராயாக இருந்த கர்சனின் ஆசை. 1906இல் அடிக்கல், தாஜ்மகாலுக்குப் போன அதே மக்ரானா பளிங்கு. 1911இல் தலைநகரை டெல்லிக்கு மாற்றிவிட்டார்கள், கட்டடம் திறந்தது 1921இல். தலைநகர் போன ஊரில் மகாராணிக்கு மாளிகை. உள்ளே போகாமல் தோட்டத்தில் குளத்தங்கரை பெஞ்சில் மூன்றரையிலிருந்து உட்கார்ந்தால், நாலே முக்காலுக்குப் பளிங்கு மஞ்சளாகிச் சிவப்பாகிச் சாம்பலாவதைப் பார்க்கலாம். அம்மாவுக்கு அது. நீங்கள் கல்வெட்டு, சிற்பம் என்று ஆர்வமுள்ளவர் என்றால் அருங்காட்சியகம். 1814இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. மொத்தமும் சுற்றினால் கால் போய்விடும். எல்லோரும் எகிப்து மம்மியைத் தேடிப் போவார்கள். நீங்கள் பார்ஹுத் கூடத்துக்கு மட்டும் போங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பௌத்தத் தூபியைச் சுற்றியிருந்த சிவப்புக் கல் வேலி. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைச் சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே பிராமி எழுத்தில் தலைப்பும், கல்லுக்குக் காசு கொடுத்தவர்கள் பெயரும் வெட்டியிருக்கும். ஒரு மணி நேரம் போதும்.

டிராம் கேட்டிருந்தீர்கள். சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது, கல்கத்தாவில் 1902இல்தான் வந்தது. நாம் 1953இல் மூடினோம், அவர்கள் விடவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் எஸ்பிளனேடு–மைதான் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவதாக மாநில அரசு அறிவித்தது. விஷயம் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. எஸ்பிளனேடு டிப்போவில் வண்டி நின்றால் ஏறிவிடுங்கள், அதற்காக ஒரு மணி நேரம் காத்திருக்காதீர்கள்.

ரயில் நள்ளிரவில் என்றாலும் எட்டு மணிக்குள் எஸ்பிளனேடிலிருந்து மெட்ரோவில் ஹவுரா போய்விடுங்கள். பாலத்தில் டாக்சி மாட்டிக்கொள்ளும் தலைவலி இல்லை. 2024 மார்ச்சில் திறந்த தடம். மகாகரன் நிலையம் தாண்டியதும் ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர், சுமார் 45 விநாடி. சுரங்கச் சுவரில் நீல விளக்கு வரும், அதை வைத்து அம்மாவிடம் "இப்ப கங்கைக்கு அடியில இருக்கோம்" என்று சொல்லுங்கள். ஹவுரா நிலையம் மிக ஆழம், ஆனால் நகரும் படி, லிஃப்ட் இரண்டும் இருக்கிறது.

அதற்கு முன் இனிப்பு வாங்க வேண்டும். டிசம்பர் என்பதால் அதிர்ஷ்டம்: நொலேன் குர் என்ற வெல்லம் வந்திருக்கும். நம் கருப்பட்டி பனையிலிருந்து, இது ஈச்ச மரத்திலிருந்து, குளிர்காலத்தில் மட்டும். அதன் வாசனை கருப்பட்டிக்குத் தூரத்து உறவு, ஆனால் லேசான புகை மணம் கூட வரும். அதில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு இரண்டு வகை. "நொரம் பாக்" என்பது மெத்தென்று இருக்கும், ருசி அதில்தான், ஆனால் அன்றைக்கே சாப்பிட வேண்டும். ரயில் சென்னை வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், தாங்காது. ஊருக்குக் கொண்டுபோக "கொரா பாக்" என்று கேட்டு வாங்குங்கள், கெட்டியாகக் கிண்டியது. மெத்தென்றதில் நாலு தனியாக வாங்கி, கடை வாசலிலேயே நின்று இருவரும் தின்றுவிடுங்கள்.